தகர டப்பாவில் ஒரு குறுந்தகடு

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

கணிப்பொறியைப் பற்றி, எல்லார்க்கும் பயன்படும்படியாக ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுப் பேராசிரியை அவர்கள் என்னைப் பணித்தபோது நான் விழித்தேன். நான் பயில்வதோ வரலாறு. மாடியிலே கணிப்பொறியியல் துறை இருக்கிறது. விசைப்பலகையைப் பார்க்காமலே விரல்களை ஓட விடும் தோழியர் அங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, கல்வெட்டையும் பழங்காசையும் கட்டிக்கொண்டு அழும் என்னிடம் கேட்டால் எப்படி? “உங்க அப்பாவோட சி.டி. கதையை எழுதும்மா, அதுவே போதும்” என்றார்கள் அம்மையார். ஆகவே எழுதுகிறேன். இக்கட்டுரையில் வரும் கணிப்பொறி உபாயங்கள் எவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல, பட்டுத் தெரிந்துகொண்டவை.

என் தந்தையார் 1997 முதல் 2013 வரை திருநெல்வேலி டவுனில், வாகையடி முக்குப் பக்கம், ஒரு சிறு டி.டி.பி. கடை வைத்திருந்தார்கள். இரண்டு மேசை, ஒரு கணிப்பொறி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு யு.பி.எஸ். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அங்கே உருவாகும். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, பட்டர் பேப்பரில் எடுத்து, ஆப்செட் அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். அப்பா தட்டச்சில் ஹையர் தேறியவர்கள். விசைகள் அவர்கள் விரலுக்குக் காத்துக் கிடந்தன என்று அம்மா பெருமையாகச் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது, 2016-இல், அப்பா காலமானார்கள். கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த அந்தப் பழைய கணிப்பொறி, எங்கள் மீனாட்சிபுரம் வீட்டில், மேசைக்கு அடியில் தரையிலே துணி மூடிக் கிடந்தது. அதில் அப்பா அடித்தவை எல்லாம் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். என்றேனும் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

அந்த ஒருநாளுக்கு முன்பே தாமிரபரணி வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். கீழே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நமக்குப் பழகிய காட்சி. ஆனால் சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீரில் நின்றதை அன்றுதான் நான் கண்டேன். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நான் அப்போது பிளஸ் டூ. பாடப் புத்தகங்களையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றினேன். அப்பாவின் டைரிகளையும் அந்தக் கணிப்பொறியையும் மறந்தேன். தண்ணீர் வடிந்த பின் டைரிகள் களியாகக் கிடந்தன. மை கரைந்து ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

இங்கேதான் என் முதல் உபாயம் வருகிறது. அதை நான் கற்றுக்கொண்ட விலை அதிகம். நீரில் மூழ்கிய கணிப்பொறியைக் காய வைத்து, “ஓடுகிறதா பார்ப்போம்” என்று சுவிட்சைப் போடவே கூடாது. ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுழன்று, அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை மிதந்து படிக்கிற கருவி. வண்டலும் ஈரமும் உள்ளே போயிருக்கையில் அதைச் சுழல விட்டால், தட்டின் முகத்தை நாமே கீறி அழித்தவர்கள் ஆவோம். பழுது பார்ப்பவரிடம் ஈரத்தோடு கொடுத்தால்கூட மீட்க வாய்ப்புண்டு. நானோ மூன்று நாள் வெயிலில் காய வைத்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டேன். ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்துத் திரும்ப மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஓராண்டு கழிந்தது. சென்ற பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பளத்துக்குப் பேர் போன ஊர் அல்லவா? அத்தை வீட்டுப் பரணில் பழைய அப்பளத் தகர டப்பாக்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை இறக்கச் சொன்னார்கள். இறக்கும்போது வேறொரு டப்பா கிலுகிலுத்தது. “ஏட்டி, அத வையி. அது ஒங்கப்பன் குடுத்தது. தொறக்கப்படாதுன்னு சொல்லியிருக்கான்” என்றார்கள் அத்தை. எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டேன். “நீ பொறக்கதுக்கு முந்தி.” இத்தனை ஆண்டாக அந்த டப்பாவை அத்தை திறக்கவே இல்லை! தம்பி சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

உள்ளே, நாளிதழில் பொதிந்து, ஒரு குறுந்தகடு. அதன்மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘கடை 2004’.

இதைப் படிக்கும் தோழியர் பலர் குறுந்தகட்டைப் பாட்டு கேட்க மட்டுமே பார்த்திருப்பீர்கள். சிலர் அதுவும் இல்லை. 700 எம்.பி. கொள்ளும் அந்தத் தட்டு ஒரு காலத்தில் பெரிய பெட்டகம். இன்றைய மடிக்கணினிகளிலோ அதைச் செருகுவதற்கு இடமே இல்லை. அத்தானின் மடிக்கணினியை நாற்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டும் கையுமாக நான் நின்ற நிலையை என்னென்பது! பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, கதவைத்தான் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். பிறகு நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், யு.எஸ்.பி. வழியாகச் செருகும் வெளிப்புற டிரைவ் ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். தகட்டைத் துடைக்கும் முறையையும் அவர்களே காட்டினார்கள். வட்டமாகத் துடைக்கலாகாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். தடம் வட்டமாகச் செல்வதால், குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். தடத்தோடு ஓடும் கீறலைச் சமாளிப்பது கடினம். முதல் முறை படிக்கவில்லை. இரண்டாம் முறை முனகியது. மூன்றாம் முறை திறந்தது. திறந்தவுடன் நான் செய்த முதல் காரியம், எதையும் பார்க்காமல் முழுவதையும் நகல் எடுத்தது. ஒருமுறை பட்டவள் அல்லவா!

உள்ளே பெரும்பாலும் பத்திரிகைகள். ஒரே ஒரு வேர்டு கோப்பு மட்டும் ‘ரூல்ஸ்’ என்ற பெயரில் இருந்தது. அதை என் கைப்பேசிக்கு அனுப்பி, பேருந்தில் வரும்போது திறந்தேன். ஒரே குப்பை. ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள், திடீர் திடீரென்று பெரிய எழுத்துகள். ஒரு சொல்லும் பொருள் தரவில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். ஹார்டு டிஸ்க் போனபோது வராத அழுகை, வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் அன்றைக்கு வந்தது.

ஆனால் கண் மட்டும் அந்தக் குப்பையை விடவில்லை. எஃப், ஐ, எல் என்ற மூன்றெழுத்து அடிக்கடி வந்தது. ஏதோ ஆங்கிலச் சொல்லின் அரைகுறை என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பிளஸ் டூ விடுமுறையில் மூன்று மாதம் தமிழ்த் தட்டச்சு பயின்றவள். ‘யளனகப, யளனகப’ என்று அடித்து அடித்து விரல் தேய்ந்தவள். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கையில், விரல்கள் தாமாகவே மேசைமேல் அந்த மூன்றெழுத்துக்கும் உரிய இடங்களைத் தேடின. எஃப் இருக்குமிடத்தில் தமிழ்த் தட்டச்சில் என்ன? ‘க’. எல் இருக்குமிடத்தில்? ‘ட’. நடுவே வரும் ஐ? அது ஐகாரக் கொம்பு! க, ஐகாரக் கொம்பு, ட.

கடை!

கோப்பு கெடவில்லை. அப்பா அடித்தது அடித்தபடியே இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கும் கண்ணாடி இல்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் திறந்தேன். இங்கே ஓர் எளிய உபாயம்: வேர்டு கோப்பு குப்பையாகத் தெரிந்தால், எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். ‘பாமினி’ என்று நின்றது. பாமினியை இறக்கி நிறுவியதும், குப்பை முழுவதும் ஒரே நொடியில் தமிழாயிற்று.

இதன் சூட்சுமம் என்னவென்று நம் கணிப்பொறித் துறைத் தோழி ஒருத்தி விளக்கினாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சிறிய எஃப் என்றால் அதற்கு 102. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் செய்த தந்திரம் யாதெனில், 102 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதற்குரிய படத்தை மட்டும் ‘க’ என்று மாற்றிக்கொண்டன. ஆங்கில வீட்டில் தமிழ் குடியேறிய கதை! எழுத்துரு உள்ளவரை தமிழ் தெரியும்; எழுத்துரு போனால் வீட்டுக்காரன் வெளியே வந்து நிற்பான். அதுவும் ஒரே அட்டவணையாக இருந்தாலாவது பரவாயில்லை. அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்துக்கொண்டார்கள். ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. தமிழ்நாடு அரசு பொது விசைப்பலகையையும் பொதுக் குறியீடுகளையும் ஏற்றது. ஆனால் உலக அளவில் நிலைத்தது ஒருங்குறிதான். யூனிகோடு என்றால் எல்லார்க்கும் விளங்கும். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் உண்டு. அதில் ‘க’வுக்கு 2965, ‘ட’வுக்கு 2975, ஐகாரக் கொம்புக்கு 3016. இந்த எண்கள் வேறெந்த மொழிக்கும் உரியவை அல்ல. ஆகவே இங்கே அடித்த தமிழ், கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழாகவே தெரிகிறது. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

வரலாற்று மாணவி என்ற முறையில் இந்த இடத்தில் ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். 1990-க்கும் 2010-க்கும் இடையே தமிழ்நாட்டில் அடிக்கப்பட்ட சிற்றிதழ்கள், ஊர்க் கோயில் மலர்கள், ஆய்வேடுகள் எத்தனையோ இப்படிப் பழைய எழுத்துருக்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழியை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துவிட்டோம். இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு வேர்டு கோப்பைத் திறக்க ஆளில்லை. உங்கள் வீட்டிலும் பழைய தகடோ பென் டிரைவோ இருந்தால், இந்த விடுமுறையிலே திறந்து பாருங்கள்.

எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, கைப்பேசியில் பார்க்க முடியாது. ஆகவே ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். இதற்கு இலவசமாகவே மாற்றிகள் உள்ளன. சுரதா யாழ்வாணன் அவர்கள் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி, சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தார் தந்த என்.எச்.எம். மாற்றி என்று இரண்டைச் சொல்லலாம். குப்பையை ஒரு பெட்டியில் ஒட்டி, எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தால், மறு பெட்டியில் தமிழ் வரும். வெறுமே எண்ணுக்கு எண் மாற்றும் வேலையன்று இது. தட்டச்சில் கொம்பை முதலில் போட்டு, எழுத்தைப் பிறகு அடிப்போம். ஒருங்குறியிலோ எழுத்து முன்னே, கொம்பு பின்னே. ‘கடை’யில் ஐகாரக் கொம்பை எடுத்து ‘ட’வுக்குப் பின்னால் வைக்க வேண்டும். இந்த இடமாற்றத்தையும் மாற்றியே பார்த்துக்கொள்கிறது. தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகள். மற்றொன்று, நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்கள். அவற்றையும் பாமினி என்று எண்ணி, தமிழில் உளறி வைத்துவிடும். அப்பா ஆங்கிலத்தில் அடித்திருந்த ‘கண்ட்ரோல் எஸ்’ எல்லாம் வாயில் நுழையாத மந்திரங்களாகி வந்தன.

இடையில் ஒரு தோழி, “இவ்வளவு எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் கொடு” என்று தன் கைப்பேசியிலிருந்த செயலியில் அந்தக் குப்பையை ஒட்டினாள். அழகான தமிழில் ஒரு முழுப் பக்கம் வந்தது. என் உள்ளம் துள்ளிற்று. பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாதி அப்பா எழுதாதது! தெரியாத இடங்களைத் தானாகவே இட்டு நிரப்பியிருக்கிறது. இல்லாத கல்வெட்டை வாசித்துக் காட்டும் புலவர் போல. சுருக்கம் எழுதவும் ஐயம் கேட்கவும் அதனால் பயன் உண்டு; மூலத்தைப் பெயர்த்தெடுக்க, எண்ணைத் தவிர வேறெதுவும் அறியாத அந்த முட்டாள் மாற்றியே மேல்.

இனி, அப்பாவின் கோப்பில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடிதம் இருக்கும், கவிதை இருக்கும் என்றெல்லாம் நான் கற்பனை செய்திருந்தேன். இருந்தவை பன்னிரண்டு குறிப்புகள். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் அக்காவுக்காக அப்பா அடித்துக் கொடுத்த கணிப்பொறிக் குறிப்புகள்!

ஐந்து வரிக்கு ஒருமுறை சேமி, கரண்டு சொல்லிவிட்டுப் போவதில்லை என்பது முதல் குறிப்பு. கோப்புக்குப் ‘பத்திரிகை ஒன்று, பத்திரிகை இரண்டு’ என்று பெயர் வைக்காதே. ஊர், மாதம், வருடம் மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும், தேடும்போது நாம் மறந்திருப்போம் என்பது இரண்டாவது. இதை நான் இப்போது என் செமினார் கட்டுரைகளுக்குக் கைக்கொள்கிறேன். ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘கடைசி பைனல்’ என்று வைத்துக்கொண்டு அல்லாடும் தோழியர் கவனிக்க! புரூஃப் பார்க்கையில் மணமக்கள் பெயரை நீ வாசிக்காதே, வந்தவர்களை வாசிக்கச் சொல். அடித்தவன் கண்ணுக்குத் தான் அடிக்க நினைத்ததுதான் தெரியும் என்பது மூன்றாவது.

நான்காவதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணத் தேதியைத் தினசரிக் காலண்டரோடு ஒப்பிடாமல் பட்டர் பேப்பர் எடுக்காதே. தேதி சரியாக இருந்து கிழமை தப்பாகப் போனால் ஆள் மறுநாள் வந்து நிற்பார்கள், எனக்கே நடந்திருக்கிறது என்று இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். “ஆமா, எங்க கல்யாணத்துலதான். ஞாயித்துக்கெழமைக்குத் திங்கள்னு போட்டுட்டாக. எங்க சித்தப்பா திங்கக்கெழம காலைல பொட்டியோட வந்து எறங்குனாக. மிச்சம் இருந்த சாம்பார சுட வச்சுப் போட்டோம்” என்றார்கள் அம்மா. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவர், தம் பத்திரிகையில் கோட்டை விட்டிருக்கிறார்!

ஐந்தாவது: ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நகல் வைத்தால் அது ஒரு நகல்தான்; ஒன்று கடையில், ஒன்று வெளியூரில். 1992 நவம்பரில் ஆறு பெருகியதைப் பார்த்தவர்கள் அப்பா. அந்தக் குறிப்பின்படிதான் தகடு கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருக்கிறது. இன்றைக்கு இதை இலவசமாகவே செய்யலாம். சான்றிதழ்களையும் முக்கியக் கோப்புகளையும் இணையச் சேமிப்பிடம் ஒன்றிலும், வேறொரு வீட்டிலுள்ள பென் டிரைவிலும் வைத்தால் போதும். மதிப்பெண் சான்றிதழுக்கு அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. வெள்ளத்தில் சான்றிதழ் நனைந்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நம் வகுப்பிலேயே மூவர் உண்டு.

ஏழாவது, கண்ணைப் பற்றியது. அரை மணிக்கு ஒருமுறை திரையை விட்டு எழுந்து, வாசலில் உள்ள வேப்பமரத்தைப் பார் என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாவதை மட்டும் அப்படியே தருகிறேன்: “தப்பு அடித்தால் பயப்படாதே. கண்ட்ரோல் இசட் இருக்கிறது. செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள விடுவது இந்த மிஷின் ஒன்றுதான். தைரியமாக அடி.”

இந்தக் கோப்பின் பின்னால் அலைந்த ஆறு மாதத்தில் நானும் சிலவற்றைக் கண்டுகொண்டேன். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கப் பேஜ்மேக்கர் தேவையில்லை. இலவசமான லிப்ரே ஆபீஸ் 2015 முதலே அவற்றைத் திறக்கிறது. பெட்டிகள் கொஞ்சம் இடம் மாறி நிற்கும். ஆனாலும் அம்மா அப்பாவின் கல்யாணப் பத்திரிகை, திங்கட்கிழமையோடு, எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளாகவே வரும். தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் இந்த வசதியைக் கொண்டு நூற்றுக்கணக்கான நாட்டுடைமை நூல்களை எழுத்தாக்கியிருக்கிறார்கள். உலாவியில் தவறி மூடிய பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மீட்கலாம். இதை விடுதித் தோழியரிடம் சொன்னதற்கு எனக்கு இரண்டு நாள் தேநீர் கிடைத்தது.

எல்லாவற்றிலும் என்னை மயக்கியது தமிழ்99 விசைப்பலகை. ஆங்கிலத்தில் ‘அம்மா’வை எழுத்துக் கூட்டி அடிப்பவர்கள் ஒருமுறை இதை முயல வேண்டும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’. நடுவிலுள்ள புள்ளி தானாக விழும். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அவ்வாறே. தொல்காப்பியர் இருந்திருந்தால் அவரும் இதில்தான் அடித்திருப்பார் என்பது என் எண்ணம். பத்தே நாளில் கை பழகிற்று. விண்டோஸில் உண்டு, கைப்பேசியில் செல்லினம் போன்ற செயலிகளிலும் உண்டு.

குறிப்புகளை அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. கைப்பேசியே தமிழை உரக்க வாசிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. வாசிக்க விட்டேன். ஒரு பெண் குரல் கடகடவென்று ஓடிற்று. அம்மா புருவத்தைச் சுருக்கி, “என்னத்துக்கு இப்பிடி ஓடுதா? அவுக நிறுத்தி நிறுத்தில்லா பேசுவாக” என்றார்கள். அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மை என்ற பகுதியில், பேச்சு வேகத்தைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். குறைத்தேன். “ம், இது சரி” என்று சொல்லிவிட்டு, முறத்திலிருந்த அரிசியைப் புடைப்பதை நிறுத்திக் கேட்டார்கள். பன்னிரண்டும் முடிந்தபின், முதலிலிருந்து போடச் சொன்னார்கள்.

கடையில் வேலை பார்த்த அக்கா இப்போது பாளையங்கோட்டையில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் எண் வாங்கி, மாற்றிய கோப்பை அவர்களுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குக் குரல் செய்தி வந்தது. முதலில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஏ பிள்ள, ஏழாவதுல ‘வேப்பமரத்தைப் பார்’ங்கதுல காலு இருக்காது. ‘பர்’னுதான் இருக்கும். நான் அண்ணன்கிட்ட சொன்னேன், சிரிச்சிட்டு விட்டுட்டாக. நீ அனுப்புனதுல காலு இருக்கே?”

உண்மைதான். மாற்றியின் பிழை என்று எண்ணி நான்தான் அந்தக் காலைச் சேர்த்திருந்தேன். மூலத்தைத் திறந்து பார்த்தேன், கால் இல்லை. கண்ட்ரோல் இசட் எட்டாத தொலைவுக்கு வந்திருந்ததால், கையாலேயே அந்தக் காலை எடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் உள்ள பிரதியில் ‘வேப்பமரத்தைப் பர்’ என்றுதான் இருக்கிறது.

சென்ற மாதம் புதிய பென் டிரைவ் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அத்தை அதே தகர டப்பாவைத் துடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே வைத்து மூடிவிட்டு, “இதையும் தொறக்கப்படாது, அப்படித்தான?” என்றார்கள்.

“இல்ல அத்தை, இதத் தொறக்கணும். சும்மா கெடந்தா இதுல உள்ளது தானா அழிஞ்சிரும். வருசத்துக்கு ஒருதடவ எடுத்து, செருகி, நல்லா இருக்கான்னு பாக்கணும்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுட்டி. அப்ப நீதான் வருசத்துக்கு ஒருதடவ வரணும்” என்று சொல்லி, டப்பாவை என் கையிலே கொடுத்துப் பரணில் ஏற்றச் சொன்னார்கள்.